கற்பாசியும் வட்டிற்பூஞ்சையும்

பம்மல் மளிகைக் கடைகளில் பட்டை, கிராம்போடு கற்பாசியும் விற்கிறது. செட்டிநாட்டுக் குழம்பின் மணமறிந்தோர் அதனை அறிவர். சென்ற திங்கள் என் மாணவன் ஒருவன், “ஐயா, லைக்கன் பூஞ்சையைச் சேர்ந்தது என்கிறது அறிவியல் நூல். நாம் அதைப் பாசி என்கிறோமே, நம் முன்னோர் தவறிவிட்டார்களா?” என்று வினவினான்.

தவறவில்லை என்பதே என் விடை. ஆயினும் அதை வெறும் மொழிப்பற்றால் சொல்லலாகாது. 1753இல் நிலைத்திணைக்குப் பெயர் வகுத்த சுவீடன் நாட்டு இலின்னேயசும் இவற்றைப் பாசிக் கூட்டத்திலேயே வைத்தார். அனைத்தையும் ஒரே பேரினத்துள் அடைத்தும் விட்டார். அதைப் பலவாகப் பிரித்தவர் அவர்தம் மாணவர் அக்காரியசு. 1860களின் இறுதியில் சுவெண்டனர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், இஃது ஓருயிர் அன்று, பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் வாழ்க்கை என்றார். துறையறிந்த பெரியோரே அவரைக் கடுமையாக மறுத்தனர்; நின்றது அவர் கூற்றே. பூஞ்சை உடலைக் கட்டுகிறது. பாசி கதிரொளியால் உணவாக்குகிறது. அறிவியற் பெயர் பூஞ்சைக்கே உரியதென்று பின்னர் விதித்தனர். உள்ளிருக்கும் பாசிக்குத் தனிப்பெயர் உண்டு. ஆகவேதான் கற்பாசி இன்று பூஞ்சைகளோடு நிற்கிறது. நம் முன்னோர் கண்ட பசுமையும் பொய்யன்று. பாசி என்னும் சொல்லே பசுமையடியாகப் பிறந்ததன்றோ!

இனித் துறைப்பெயரைக் காண்போம். கற்பாசி அடங்கும் துறையை 1932இல் நான்பெல்டு என்பார் ‘லெக்கனோரேல்சு’ என வகுத்தார். இவ்வகைப் பூஞ்சைத் துறைகளுள் இதுவே மிகப் பெரியது. பெயரைக் கேட்டதும் நம் பிள்ளைகள் மலைக்கின்றனர். உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வட்டில்! கிரேக்கத்தில் லெக்கனே என்பது வட்டில் போன்ற கலம். வித்துத்தூள் பிறக்கும் உறுப்பு சிறு வட்டில்போல் இருத்தலின் அப்பெயர். ஐரோப்பியர் கிரேக்கரின் கலத்தை எடுத்தாளலாமெனின், தமிழர் தம் வட்டிலை எடுத்தல் ஆகாதா? வட்டிற்பூஞ்சைத் துறை என்க. குடும்பப் பெயரான பார்மீலியேசியில் உள்ளது பார்மா. இலத்தீனில் சிறு வட்டக் கேடயம். கிடுகுக் குடும்பம் எனலாம். கிடுகு என்றால் ஓலைத்தட்டி என்றே இன்று பலர் அறிவர். பழந்தமிழில் அது கேடயமும் ஆம். உலக ஆய்வேடுகளில் இலத்தீன் பெயர் இருக்கட்டும். அஃது எல்லா நாட்டாரும் உடன்பட்ட முறை. நான் கேட்பது பள்ளிப் பிள்ளையின் நூலை.

நம்மவர்க்கும் சில சொல்ல வேண்டும். லைக்கனுக்கு முன் இகரம் இட்டு ‘இலைக்கன்’ என்றால் தமிழாகிவிடாது. உண்மை இலை இல்லாத ஒன்றுக்கு இலை முளைத்ததுதான் மிச்சம். ஆளுக்கொரு சொல் ஆக்கி, ஒருவர் சொல்லை மற்றவர் ஆளாமல் விடுவதும் நம் நோய். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்தார். புல்லையும் மரத்தையும் காழ் இருக்கும் இடங்கண்டு பிரித்தார். அப்பெருமை போதும். பூஞ்சைத் துறைகளையும் அவரே கண்டார் என மேடையில் முழங்குவது அவருக்கே இழிவு.

மறுநாள் அம்மாணவன் கடைக் கற்பாசியை உருப்பெருக்கியின்கீழ் வைத்து வட்டிலைத் தேடினான். காணவில்லை, இக்கற்பாசியில் அவை அரியவை. ஓரங்களில் வெண்டூள் மட்டும் இருந்தது. அதன் ஒவ்வொரு துகளிலும் பூஞ்சையும் பாசியும் ஒருங்கே உள. காற்றில் பறந்து வேறிடத்தில் ஒட்டிப் புதிதாய் வளர்வது அத்துகளே. “இதற்கு என்ன பெயர், ஐயா?” என்றான். எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. தோன்றும் அன்பர் எழுதுக.