பரணில் கிடக்கும் ரௌட்டர்

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் பல இன்று பரணில் கிடக்கின்றன. அவற்றைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுவது எனக்கு ஏற்பில்லை. வீட்டு இணையத்துக்கு ரௌட்டராக அவை இன்னும் பல ஆண்டு உழைக்கும். மலிவான ரௌட்டர்களின் பெரிய குறை பாதுகாப்புதான். விற்ற சில ஆண்டுகளில் அவற்றின் மென்பொருளைப் புதுப்பிப்பது பெரும்பாலும் நின்றுவிடுகிறது, ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. 2004 முதல் வளர்ந்துவரும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற மென்பொருள் பழைய கணினியிலும் ஓடும். புதுப்பிப்புகளும் இலவசமாக வருகின்றன. லேப்டாப்பில் லேன் துளை ஒன்றுதானே என்பார்கள். ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் அதைத் தீர்த்துவிடும். கையிலிருக்கும் ரௌட்டரை வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றியே ஆக வேண்டும், அதில் அலட்சியம் கூடாது.

கரண்ட் பில் ஏறுமே என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. இரவு பகலாக 70 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் இரண்டு மாதத்தில் சுமார் 100 யூனிட் எடுக்கும். வீடுகளுக்கு அரசு தரும் இலவச மின்சாரம் முழுக்க அதற்கே போய்விடும். ஆகவே டெஸ்க்டாப் இந்த வேலைக்கு உதவாது. திரையை அணைத்த லேப்டாப் 15 வாட்டில் ஓடினால் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். சிறிய ரௌட்டரைவிட இது கூடுதல்தான், ஆனால் புதிதாக ஒரு கருவி வாங்கும் செலவும் மின்கழிவும் மிச்சம். வாட் மீட்டரில் அளந்து பாருங்கள். 20 வாட்டுக்குள் இருந்தால் ஓடவிடுங்கள், தாண்டினால் முறையான மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.