உப்பின் மேல் விழும் பழி

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மோட்டாரை ஓட்டும் டிரைவின் கார்டு போய்விட்டால், பெட்டியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: “உப்புக் காத்து அரிச்சிடுச்சு. மத்தபடி சிப்புக்கு ஏது தேய்மானம்? உள்ளே அசையற பாகமா இருக்கு?” பச்சைத் தோலை உப்பிட்டுக் காக்கும் ஊர்களில் இதை மறுத்துப் பேச ஆளில்லை. கார்டின் செப்புத் தடங்களை உப்பும் ஈரமும் அரிப்பது உண்மை. சிப்புக்குத் தேய்மானம் இல்லை என்பதுதான் பொய்.

சிப்பிலுள்ள டிரான்சிஸ்டரின் கேட் முனைக்கும் சிலிக்கானுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கேட்டில் மின்னழுத்தம் நிற்க நிற்க, படலம் சிலிக்கானைத் தொடும் இடத்தில் சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுகின்றன; படலத்துக்குள் இருக்கும் குறைகளில் மின்னூட்டம் சிக்கிக்கொள்கிறது. டிரான்சிஸ்டர் இயங்கத் தேவையான மின்னழுத்தம் மெல்ல ஏற, சுற்று மந்தமாகிறது. குறைகள் பெருகிப் படலத்தின் குறுக்கே தொடர்ச்சியாக அமைந்துவிட்டால் படலமே உடைகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் சௌவிக் மகாபாத்ரா 2016இல் தொகுத்து வெளியிட்ட நூல் முழுக்க முழுக்க, சுற்றை மந்தமாக்கும் முதல்வகைத் தேய்மானத்தைப் பற்றியது.

டிரைவை அணைத்து வைத்தால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. சிக்கிய மின்னூட்டத்தில் ஒரு பங்கு வெளியேறும், மீதி தங்கிவிடும்.

உப்பு சிப்பைக் கெடுத்த காலமும் இருந்தது. 1959இல் பெல் ஆய்வகத்தில் அட்டாலாவும் காங்கும் உருவாக்கிய மாஸ் டிரான்சிஸ்டர் முதலில் நம்பகமாக இல்லை. தயாரிப்பின்போது கலந்த, உப்பிலும் உள்ள சோடியத்தின் அயனிகள் படலத்துக்குள் நகர்ந்துகொண்டிருந்ததே காரணம் என்று 1965இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ஸ்னோ, குரோவ், டீல், சா ஆகியோர் விளக்கினர். அதன்பின் தயாரிப்புத் தூய்மை கூடியது. சிலிக்கான் நைட்ரைடு காப்புறையும் வந்தது. இன்று தோல் ஆலைக் காற்றிலுள்ள உப்பு அந்தப் படலத்தை எளிதில் எட்டாது.

புதிய சிப் என்றால் உறுதி அதிகம் என்பதும் நிற்காது. படலம் 1.2 நானோமீட்டர் வரை மெலிந்து மின்சாரம் கசிந்ததால், 2007இல் இன்டெல் ஹாஃப்னியம் கலந்த படலத்துக்கு மாறியது. கசிவு குறைந்தது, எலக்ட்ரான்கள் சிக்கும் புதிய தொல்லை சேர்ந்துகொண்டது.

இந்தத் தேய்மானத்தை விரட்டி முடுக்குவது வெப்பம். உப்புக்குப் பயந்து காற்றோட்டமே இல்லாமல் பெட்டியை அடைத்தால், 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வட்டாரத்து மே மாதத்தில் உள்ளே சூடு இன்னும் ஏறும். டிரைவில் முதலில் போவது பெரும்பாலும் சிப் அல்ல, மின்தேக்கி. அதற்கும் இதே சூடுதான் எமன்: 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இந்த வட்டாரத்தில் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் தோல் ஆலை நடத்தச் சட்டப்படி வழியில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு கார்டு நின்றால் பம்பு நிற்கும், தொட்டி நிரம்பும். ஆகவே உப்பைத் தடுக்கும் பெட்டிக்குச் சூட்டை வெளியே தள்ளும் ஏற்பாடும் வேண்டும். கார்டை மாற்றுபவர் பெட்டிக்குள் இருந்த வெப்பநிலையையும் குறித்துவைக்க வேண்டும்.