சின்ன ரயில் கண்காட்சி சின்னதாவே இருக்கட்டும்

1/ போன சனிக்கிழமை எங்க ஊர் சர்ச் ஹால்ல நடந்த மாடல் ரயில் கண்காட்சியோட படங்களைப் போட்டிருந்தேன். கீழே ரெண்டு வகை கமெண்ட். ஒண்ணு: "டாக்டருக்குப் பொம்மை ரயில் விட நேரம் இருக்கா?" இன்னொண்ணு, இதே பொழுதுபோக்குல இருக்கிற ஒருத்தர்: "பத்து லேஅவுட் வெச்சு ஒரு ஷோவா? பெரிய ஹால் பிடிங்க, இல்லேன்னா மூடிடுங்க." ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வாங்க.

2/ தெரியாதவங்களுக்காக: நான் இங்கிலாந்துல ஒரு சின்ன ஊர்ல ஜி.பி., அதாவது குடும்ப மருத்துவர். பன்னிரண்டு வருஷமா உள்ளூர் மாடல் ரயில் கிளப்ல உறுப்பினர். மொத்தம் 19 பேர். எனக்கு வயசு 47. கிளப்ல நான்தான் சின்னப் பையன்.

3/ மாடல் ரயில்னா? நிஜ ரயிலை அளவு குறைச்சுச் செய்யறது. இங்கே அதிகம் புழங்கறது ஓஓ: 76ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அதைவிடச் சின்னது என் கேஜ்: 148ல் ஒரு பங்கு, 9 மி.மீ. தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், மரம், வயல் எல்லாம் சேர்ந்த அமைப்புக்குத்தான் லேஅவுட்னு பேர். ஒண்ணு முடிக்க வருஷக்கணக்கா ஆகும்.

4/ "பொம்மைதானே?" ஆமாங்க, பொம்மைன்னே வெச்சுக்குங்க. எனக்கு வருத்தமில்லை. லண்டன்ல த மாடல் ரயில்வே கிளப் 1910ல ஆரம்பிச்சது. தாமஸ் த டேங்க் எஞ்சின் கதைகளை எழுதின பாதிரியார் ஆட்ரி, தன் சொந்த லேஅவுட்டைக் கண்காட்சிகளுக்குத் தூக்கிட்டுப் போய் ஓட்டினவர். நூறு வருஷத்துக்கும் மேலா பெரியவங்க கூடி விளையாடற விளையாட்டு இது.

5/ இப்ப இரண்டாவது கமெண்டுக்கு வருவோம், ஏன்னா அதுதான் ஆபத்தானது. வெளியாள் கிண்டல் பண்ணினா கண்காட்சி நின்னுடாது. "வளரணும், வளரணும்"னு உள்ளே இருந்து சொல்றவங்களாலதான் நிக்கும். எங்க கிளப்லயும் அந்தப் பேச்சு வந்துடுச்சு. அடுத்த வருஷம் ஸ்போர்ட்ஸ் ஹாலுக்குப் போகலாமா, 30 லேஅவுட் வைக்கலாமா, ரெண்டு நாள் நடத்தலாமான்னு வர்ற செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு.

6/ ஒரு கணக்குப் போடுங்க. 200 பேர் வர்றாங்க, ஆளுக்கு 5 பவுண்ட், மொத்தம் 1000. அதுல ஹால் வாடகை, இன்சூரன்ஸ், லேஅவுட் கொண்டு வர்றவங்களுக்குப் பெட்ரோல் இல்ல வேன் செலவு, 30 பேருக்கு மதியச் சாப்பாடு. லேஅவுட்காரங்க யாரும் ஃபீஸ் வாங்கறதில்லை, கைக்காசு போகாம இருந்தாப் போதும். டீ, கேக், ரேஃபிள், பழைய பெட்டிகள் விக்கிற மேஜை, இதுலதான் மிச்சம்.

7/ இதையே மூணு மடங்காக்குங்க. ரெண்டு நாள்னா தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு ராத்தங்க ரூம். தடுப்புக் கம்பி வாடகை. கார் பார்க்கிங்குக்கு ஆள், கதவுக்கு ஆள். டிக்கெட் 12 பவுண்ட் ஆகும். அப்பா அம்மா ரெண்டு பிள்ளைங்கன்னு ஒரு குடும்பம் உள்ளே வர கிட்டத்தட்ட 40 பவுண்ட். 60 பேர் செய்ய வேண்டிய வேலையை, சராசரி வயசு எழுபதைத் தொடற 19 பேர் செய்யணும். ஒரு மழைநாள் வந்தாப் போதும், கிளப்பே காலி.

8/ "பெருசா இருந்தா நிலைக்கும்" என்பவர்களுக்கு ஒரே ஒரு பேர்: வார்லி. வார்லி மாடல் ரயில்வே கிளப் பர்மிங்காம் என்.இ.சி.யில் நடத்தின தேசியக் கண்காட்சி, நாடே நவம்பருக்காகக் காத்திருந்த ஒண்ணு. 2023 நவம்பரில் நடந்ததுதான் அவங்க அங்கே நடத்தின கடைசி. எனக்கு அது பெரிய வருத்தம். ஆனா பெருசா இருந்தது அதைக் காப்பாத்தலை.

9/ 2024 ஜனவரியில் ஹாட்டன்ஸ் கடையும் மூடப் போறதா அறிவிச்சாங்க. 1946ல லிவர்பூல்ல ஆரம்பிச்ச கடை. ஆக பெரிய ஷோவும் போச்சு, பெரிய கடையும் போச்சு. புது ஆள் ஒருத்தர் இந்தப் பொழுதுபோக்கை நேர்ல பார்க்க மிச்சமிருக்கிற இடங்கள்ல முக்கியமானது ஊருக்கு ஊர் இருக்கிற இந்த சர்ச் ஹால் சனிக்கிழமைகள்தான்.

10/ நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். பெரிய ஷோவுக்குன்னு ஒரு அழகு உண்டு. 40 அடி லேஅவுட்டை சர்ச் ஹால்ல விரிக்க முடியாது. சில அரிய பாகங்களை விக்கிற வியாபாரிங்க அங்கேதான் கடை போடுவாங்க. நானும் போவேன், காசை அழிச்சுட்டு வருவேன். அது இருக்கட்டும். நம்மளும் அதுவா ஆகணும்ங்கறதைத்தான் எதிர்க்கிறேன்.

11/ என் சொந்தக் கதை. என் லேஅவுட் வெறும் 4 அடி. செங்கோட்டை பக்கத்துப் பழைய மீட்டர் கேஜ் ஸ்டேஷன் ஒண்ணு, 87ல் ஒரு பங்கு, 12 மி.மீ தண்டவாளம். சின்ன வயசுல நான் பார்த்த செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையை 2010ல மூடினாங்க. 2018ல அகலப்பாதையாத் திறந்தாங்க. நான் பார்த்த அந்த ரயில் இனி என் மேஜை மேலதான் ஓடும்.

12/ இதை ஒரு பெரிய ஷோவுக்கு எழுதிக் கேட்டேன். "எங்க பார்வையாளர்களுக்குப் பரிச்சயமில்லாத ரயில்"னு மரியாதையான மறுப்பு. தப்பில்லை, 12 பவுண்ட் டிக்கெட்டுக்கு அவங்க பதில் சொல்லணும். பக்கத்து ஊர் சின்ன ஷோவுல கேட்டேன். "4 அடியா? டீ மேஜை பக்கத்துல ஒரு இடம் இருக்கு, வாங்க." அவ்ளோதான் நேர்காணல்.

13/ அன்னிக்கு ஒரு ரிட்டயர்டு சிக்னல்மேன் வந்து நின்னார். "பெயர்ப்பலகையில ஏன் மூணு எழுத்து?"ன்னு கேட்டார். தமிழ், இந்தி, இங்கிலீஷ்னு ஆரம்பிச்ச பேச்சு இருபது நிமிஷம் ஓடிச்சு. இந்த ஊருக்கு வந்து அத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் உடம்பைப் பத்தி இல்லாம அவ்வளவு நேரம் பேசினதே இல்லை.

14/ சரி, சின்னதா இருந்தாப் போதுமா? போதாது. சின்னதாவும் இருந்து சிடுசிடுன்னும் இருக்கிற ஷோக்களை நிறையப் பார்த்திருக்கேன். நம்ம பக்கத்துத் தப்பையும் பேசிடுவோம்.

15/ முதல் தப்பு: முதுகைக் காட்டறது. லேஅவுட்டுக்குப் பின்னாடி நாலு பேர் தங்களுக்குள்ள அரட்டை, முன்னாடி ரயில் எதுவும் ஓடலை, ஒரு குழந்தை பத்து நிமிஷமா நிக்குது. காசு கொடுத்து வந்தவங்களுக்கு இது அவமரியாதை. ஏதாவது ஒரு வண்டி நகர்ந்துகிட்டே இருக்கணும். முடிஞ்சா ஓட்டறவர் முன்பக்கம், ஜனங்களோட நிக்கணும். வேலையும் தெரியும், பேச்சும் வளரும்.

16/ இரண்டாவது: உயரம். நிக்கிற ஆளுக்குத் தோதா லேஅவுட்டை நாலடி உயரத்துல வெச்சுட்டு, "குழந்தைங்க ஏன் வர்றதில்லை?"ன்னு கூட்டத்துல கவலைப்படறது. படிப்பலகை நாலு வாங்கிப் போடுங்க. ரெண்டு லேஅவுட்டாவது சக்கர நாற்காலியில இருக்கிறவர் கண்ணுக்கு நேரா இருக்கட்டும். நடைபாதையில ரெண்டு நாற்காலி ஒதுங்கிப் போகிற அளவு அகலம் விடுங்க. தரையில ஓடற ஒயரை டேப் போட்டு மூடுங்க. எழுபது வயசுல கால் தடுக்கினா இடுப்பெலும்பு என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

17/ மூணாவது: "தொடாதே" பலகை. எல்லாத்தையும் தொட விட முடியாது, சரி. ஒண்ணையாவது விடுங்க. ஆலன் ரைட் உருவாக்கின இங்கிள்நுக் ஷண்டிங் புதிர் இருக்கு. மூணு சைடிங், ஒண்ணுல 5 வேகன் நிக்கும், மத்த ரெண்டுல மும்மூணு. மொத்தம் 8 வேகன். சீட்டு எடுத்து வர்ற வரிசைப்படி 5 வேகனைக் கோக்கணும். 6720 விதமா வரிசை வரலாம். செலவு கொஞ்சம், இடம் கொஞ்சம்.

18/ போன சனிக்கிழமை ஒன்பது வயசுப் பொண்ணு அதை முடிக்காம நகர மாட்டேன்னு நின்னுச்சு. அம்மா கூப்பிட்டாங்க, அப்பா கூப்பிட்டார், அசையலை. பின்னாடி வரிசையில நின்ன பெரியவங்களும் கூப்பிடலை, ஆளுக்கு ஒரு யோசனை சொன்னாங்க. அது ஒருத்தர் பேச்சையும் கேக்காம தானே முடிச்சது. "பொண்ணுங்களுக்கு இதுல ஆர்வம் இல்லை"ன்னு சொல்ற கமிட்டிக்காரங்க யாராவது ஒரு தடவை கன்ட்ரோலரைக் கையில கொடுத்துப் பார்த்தாங்களா?

19/ நாலாவது: ரிவெட் எண்ணறவங்க. "1936ல அந்த எஞ்சினுக்கு இந்தப் பச்சை கிடையாது"ன்னு முதல் தடவை லேஅவுட் கொண்டு வந்த பையன்கிட்ட போய்ச் சொல்றவங்க. சார், உங்க அறிவுக்கு வணக்கம். அதை அவன் கேட்ட பிறகு சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் அவன் வரமாட்டான். நீங்களும் உங்க அறிவும்தான் ஹால்ல இருப்பீங்க.

20/ அஞ்சாவது: கேன்டீனைக் குறைக்கிறது. ஸ்போர்ட்ஸ் ஹால் திட்டத்துல டீ கிடையாது, காபி மிஷின்தான். இது புரியாத்தனம். பேக்கன் ரோல், டீ, வீட்ல செஞ்ச கேக், உக்கார நாற்காலி. (நான் சீஸ் ரோல் கோஷ்டி.) தனியா வந்தவர் இன்னொரு தனியா வந்தவரோட ஒரே மேஜையில உக்கார்றது அங்கேதான். மிஷின் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க.

21/ இப்ப முதல் கமெண்டுக்கு, டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்டவருக்கு. பிரிட்டன் அரசு 2018ல தனிமைக்குன்னே ஒரு அமைச்சரை நியமிச்சது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025ல அறிக்கை கொடுத்தது: உலகத்துல ஆறுல ஒருத்தருக்குத் தனிமை பாதிப்பு, வருஷத்துக்கு சுமார் 8,71,000 மரணங்கள் தனிமையோட தொடர்புடையவை.

22/ என்.எச்.எஸ். 2019ல வெளியிட்ட நீண்டகாலத் திட்டத்துல சோஷியல் பிரிஸ்கிரைபிங்னு ஒண்ணு உண்டு. எங்க கிளினிக்ல லிங்க் ஒர்க்கர் இருப்பார். மாத்திரையால தீராத தனிமையோட வர்றவரை அவர்கிட்ட அனுப்புவோம். அவர் தோட்டக் குழு, பாட்டுக் குழு, நடைக் குழுன்னு சேர்த்து விடுவார். நல்ல திட்டம். நானே நிறைய அனுப்பியிருக்கேன்.

23/ ஆனா ஒரு கேள்வி. அனுப்பறவருக்குச் சம்பளம் உண்டு. போய்ச் சேர்ற இடத்துக்கு? ஹால் வாடகையை ஏத்தினா யார் கட்டறது? ஹாலையே வித்துட்டா? சீட்டு எழுத டாக்டர் ரெடி, எடுத்துட்டுப் போக நோயாளி ரெடி. மருந்துக்கடையை மட்டும் பத்தொன்பது பேர் ரேஃபிள் டிக்கெட் வித்து நடத்தணுமாம். இதை ஆஸ்பத்திரிக் கூட்டத்துலயும் சொல்லியிருக்கேன். தலையாட்டினாங்க.

24/ இன்னொண்ணு. எங்க கிளப் பெரியவர் ஒருத்தர், வயசு 81. அவர் அனுமதியோட சொல்றேன். ரெண்டு வருஷமா கை நடுக்கம். வேகன் சக்கரத்தைத் தண்டவாளத்துல உக்கார வைக்க முடியலை. யாரும் வாயைத் திறக்கலை. ஒரு புதன்கிழமை பார்த்தா, ஃபிடில் யார்டுல (ரயில்கள் மறைஞ்சு நிக்கிற பின்பகுதி) யாரோ ஒரு சாய்பலகையை நிரந்தரமா ஒட்டியிருக்காங்க. வண்டியை அது மேல விட்டா தானா தண்டவாளத்துல ஏறிக்கும்.

25/ அன்னிக்கு நானும் அவரும் பக்கத்துல பக்கத்துல நின்னு தண்டவாளம் துடைச்சுக்கிட்டிருந்தோம். ஐசோபுரொபைல் ஆல்கஹால்தான், ஊசி போடுறதுக்கு முன்னாடி தோலைத் துடைக்கிற அதே சரக்கு. அவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "இந்தக் கை... யாராவது பார்க்கணுமோ?" ரெண்டு வருஷமா கிளினிக் பக்கம் வராத மனுஷன். அடுத்த வாரம் வந்தார்.

26/ ரயில் ஓட்டினா வியாதி தீரும்னு நான் சொல்லலை. அப்படிச் சொன்னா நானும் வாட்ஸப் வைத்தியன் ஆயிடுவேன். ஒருத்தருக்கு ஒருத்தர் நேருக்கு நேர் பேசவராத மனுஷங்களுக்கு, கைக்கு ஒரு வேலையும் பக்கத்துல ஒரு ஆளும் கிடைக்கிற இடம் வேணும்னு சொல்றேன். அந்த இடத்துல எல்லாரும் எல்லாரையும் பார்க்க முடியணும். 200 பேர் வர்ற ஹால்ல முடியும்.

27/ அதனால செவ்வாய்க்கிழமை என் ஓட்டு "வேண்டாம்". கூடவே ஒரு மாற்றுத் தீர்மானமும் வைக்கிறேன்: அதே சர்ச் ஹால், அதே பத்து லேஅவுட், அதே 5 பவுண்ட். அதுல ரெண்டு லேஅவுட் இதுவரை எங்கேயும் காட்சிக்கு வைக்காதவங்களோடது. படிப்பலகை ஆறு. டீ மேஜைக்கு இன்னும் எட்டு நாற்காலி. நான் கேக்கிற வளர்ச்சி இவ்வளவுதான்.

28/ இங்கிலாந்துல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு: உங்க ஊர்லயும் இப்படி ஒரு சனிக்கிழமை நிச்சயம் இருக்கும். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. "நான் கொஞ்சம் ஓட்டலாமா?"ன்னு கூச்சப்படாம கேளுங்க. டீ வாங்குங்க. கிளம்பும்போது நாற்காலி மடக்க ஒரு கை கொடுங்க, அவங்க வயசுக்கு அதுதான் கஷ்டமான வேலை.

29/ கமெண்ட் போட்ட ரெண்டு பேருக்கும்: அடுத்த ஷோவுக்கு வாங்க. டிக்கெட் என் செலவு. "நேரம் இருக்கா?"ன்னு கேட்டவருக்கு இங்கிள்நுக் கன்ட்ரோலரைக் கையில கொடுக்கிறேன். "மூடிடுங்க"ன்னவர் கதவுகிட்ட ஒரு மணி நேரம் டிக்கெட் கிழிக்கட்டும். அப்புறம் பேசலாம்.

30/ இழை முடிஞ்சது. ஓட்டெடுப்பு முடிவைப் புதன்கிழமை சொல்றேன்.