பூச்சாண்டியைக் கூப்பிடாதீர்கள்!

குழந்தை சாப்பிட மறுக்கிறது. "பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்!" என்கிறாள் தாய்.

தூங்க மறுக்கிறது. "இருட்டில் பேய் நிற்கிறது!" என்கிறாள் பாட்டி.

சேட்டை செய்கிறது. "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்கிறார் தகப்பனார்.

அப்போதைக்குக் காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால், பயம் முடிவதில்லை!

அந்தக் குழந்தை வளர்ந்து பையன் ஆகிறான். இரவில் கொல்லைப்புறம் போகத் துணை தேடுகிறான். காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரிக்கு வர மறுத்து அழுகிறான்.

"பயந்தாங்கொள்ளி" என்று அவனையே திட்டுகிறார்கள். பயத்தை ஊட்டியவர்கள் யார்?

எலியும் சத்தமும்

பயத்தைக் கற்றுக்கொடுக்க முடியும். 1920-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனை இதைக் காட்டியது.

அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசாலி ரேனர் என்ற இருவர் அதைச் செய்தார்கள். 11 மாதக் குழந்தை ஒன்று வெள்ளை எலியைக் கண்டு பயப்படாமல் இருந்தது. அது எலியைத் தொடும்போதெல்லாம், பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள்.

சில தடவைதான். பிறகு, சத்தம் இல்லாமலே எலியைக் கண்டு குழந்தை அழுதது. முயலைக் கண்டும் அழுதது!

அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இது கொடுமை. இன்று இப்படிச் செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

ஆனால், பூச்சாண்டி காட்டுகிறவர்கள் வீட்டில் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

முயலும் பையனும்

கற்ற பயத்தை மறக்க வைக்கவும் முடியும்.

மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி அதைச் செய்து, 1924-ல் எழுதினார். 3 வயது நிறையாத ஒரு பையன். முயலுக்குப் பயம், எலிக்குப் பயம், பஞ்சுக்குக்கூடப் பயம்!

அவனைத் திட்டவில்லை. முயலை மடியில் திணிக்கவும் இல்லை. பயப்படாத பிள்ளைகளோடு விளையாட விட்டார்கள். முயல் கூண்டில் தூரத்தில் இருந்தது. முதலில் 12 அடி, பிறகு 4 அடி, அப்புறம் 3 அடி என்று நெருங்கியது.

நடுவில் ஒரு பெரிய நாய் அவனைப் பயமுறுத்திவிட்டது. பழைய பயம் முழுவதும் திரும்பியது. ஆனாலும் விடவில்லை. பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயலை மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் பையன் அதைத் தடவிக் கொடுத்தான்!

பெரியவர்களுக்கும் இதுதான்

பயம் வந்தால் இருதயம் படபடக்கிறது. வாய் உலர்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ, எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்யும் ஆயத்தம் அது. பாய்ந்து வரும் மாட்டுக்கும், இல்லாத பேய்க்கும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

எல்லாப் பயமும் கெட்டது அல்ல. அறுந்து கிடக்கும் மின்சாரக் கம்பிக்குப் பயப்படத்தான் வேண்டும். அந்தப் பயம் உயிரைக் காக்கும். ஆனால் இருட்டுக்கும், பரீட்சைக்கும், நாலு பேர் முன்னால் பேசுவதற்கும் நடுங்கி ஒதுங்கினால், பயம் வளரும். ஒதுங்க ஒதுங்க, அது துரத்தும்.

இருட்டுக்குப் பயமா? முதல் நாள் விளக்கை ஏற்றி, கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். சில நாள் கழித்து, கையை விட்டுக் கூடவே நடங்கள். பிறகு வாசற்படியில் நின்று குரல் கொடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடங்குங்கள்.

சபையில் பேசப் பயமா? முதலில் வீட்டாரிடம் பேசுங்கள். பிறகு நாலு நண்பர்களிடம் பேசுங்கள்.

தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் பயம் இருந்தால், டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

பயத்தை அடித்து விரட்ட முடியாது. பழக்கித்தான் விரட்ட வேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்றும் இருக்கிறது: இல்லாத பூச்சாண்டியை வீட்டுக்குள் கூப்பிடாமல் இருப்பது!