எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலுக்குச் சாதி வைத்தது யார்?

மதுரைக்குக் கிழக்கே, பெரியாற்றுக் கால்வாய் பாயும் வயல்காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். ஆடியில் எங்கள் தெருக் காளியம்மனுக்குக் காப்புக் கட்டியதும் முதல் வேலை மைக்செட் சொல்லிவிடுவதுதான். வேப்பமரத்தில் குழாய் ரேடியோ ஏறும்போது ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குழாயின் வாய் அவர்கள் பக்கம் திரும்பக் கூடாது, கண்மாயைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். அடுத்த வாரம் ஊர்த்தெருவில் மாரியம்மன் பொங்கல் வரும். அவர்களுடைய குழாய் எங்கள் கூரைகளுக்கு நேராகவே இருக்கும், அதைக் கேட்க யாரும் போக முடியாது. இரண்டு குழாய்களிலும் பாடிக்கொண்டிருந்தது ஒரே பெண்தான்: எல்.ஆர்.ஈஸ்வரி.

தமிழ்த் திரையிசையில் பெண்குரல்கள் எப்படித் தரம் பிரிக்கப்பட்டன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஈஸ்வரியைப் பற்றிக் கட்டுரை வாசித்து முடித்ததும், மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். எம்.எஸ். பிறந்த ஊரிலிருந்து வந்துவிட்டுக் கிளப் டான்ஸ் பாட்டுக்காரியை ஆராய்கிறீர்களே, வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றார். அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களில் நம் தோழர்களும் இருந்தார்கள். இந்தக் கட்டுரை பேராசிரியருக்காக அல்ல, அந்தத் தோழர்களுக்காக.

'கிளப் டான்ஸ் பாட்டுக்காரி' என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு அவருடைய பாதையைப் பாருங்கள். 1939இல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. அம்மா நிர்மலா சினிமாவில் கோரஸ் பாடிப் பிழைத்தவர். அம்மாவோடு ஸ்டூடியோவுக்குப் போன சிறுமி 'மனோகரா' (1954) படத்தில் ஜிக்கிக்குப் பின்னால் கோரஸில் நின்றார். 1958இல் கே.வி.மகாதேவன் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் தனிப்பாட்டு கொடுத்தார். ஏற்கனவே ஒரு எம்.எஸ்.ராஜேஸ்வரி இருந்ததால் ஏ.பி.நாகராஜன் இவரை ஈஸ்வரி ஆக்கினார். லூர்து மேரி இனிஷியலுக்குள் போய் ஒளிந்துகொண்டார். 1961இல் 'பாசமலர்' வந்தது. அதில் தோழிகள் மணப்பெண்ணை அழைத்துப் பாடும் பாட்டு, அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களின் வாசலில் ஒலித்தது. அந்த மண்டபங்களில் பாதி வேற்றுச் சாதிக்காரர்களுக்கு வாடகைக்குக்கூட விடப்படாதவை.

ஜாஸ் என்று நாம் சொல்லும் இசை சென்னை ஸ்டூடியோக்களுக்குள் வந்தது ஆங்கிலோ இந்திய, கோவா கிறித்தவ வாத்தியக்காரர்களின் சாக்ஸபோனோடும் டிரம்பெட்டோடும் டிரம்ஸோடும்தான். விஸ்வநாதன்-ராமமூர்த்தியும் வேதாவும் வி.குமாரும் அதைத் தமிழ் மெட்டுக்குள் உட்கார வைத்தார்கள். அதைத் தொண்டையில் வாங்கிக்கொண்டவர் ஈஸ்வரி. 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில், ஒலிப்பதிவுக் கூடத்தையே திரையில் காட்டும் 'அவளுக்கென்ன' பாட்டைக் கேளுங்கள். டி.எம்.சௌந்தரராஜனின் சொற்களுக்கு இடையில் ஈஸ்வரியின் ஹம்மிங் ஒரு வாத்தியத்தைப் போலப் பாய்ந்து ஏறி இறங்கும். சொல் இல்லாமல் தொண்டையையே கருவியாக்கி வாத்தியங்களோடு மல்லுக்கு நிற்பது ஜாஸ் பாடகிகளின் வேலை. ஈஸ்வரி சிரிப்பை, மூச்சை, கிசுகிசுப்பைத் தாளம் பிசகாமல் வைப்பார். அதே தொண்டைதான் 'பணமா பாசமா' (1968) படத்தில் எலந்தப்பழம் விற்கும் பெண்ணுக்குத் திறந்த வெளிக் குரல் கொடுத்தது. 'வெள்ளி விழா' (1972) படத்தில் காதுக்குள் மட்டும் கேட்கிற மாதிரி பாடியதும் அதுதான். மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பவருக்கு ஒரே ஆள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். எனக்கு இப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இத்தனை இருந்தும் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் எது? குடும்பப் பெண்ணுக்கு ஒரு குரல், ஆடுகிறவளுக்கு ஒரு குரல் என்று சினிமா பிரித்தது. பி.சுசீலாவின் குரல் வீட்டுக்குள் போனது, ஈஸ்வரியின் குரல் கிளப்புக்கும் சந்தைக்கும் தெருவுக்கும் போனது. விதிவிலக்குகள் இருபக்கமும் உண்டு. ஆனால் விதி இதுதான். (சுசீலா மகத்தான பாடகி. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.) அடக்கி, உடம்பே இல்லாதது போலப் பாடினால் தூய்மை. உடம்பு தெரியும்படி பாடினால் மலிவு. உடம்பால் உழைக்கிறவர்களைக் கீழே வைத்த சமூகம் உடம்பு தெரியும் குரலையும் கீழே வைத்தது. இதை 'ரசனை' என்று சொல்லிக்கொள்வார்கள். தீட்டு என்பதுதான் இதற்கு நம் ஊரில் உள்ள பழைய பெயர். ஈஸ்வரியின் சொந்தச் சாதி எது என்று துருவுவது என் வேலை அல்ல. அவர் குரலுக்கு வைக்கப்பட்ட சாதியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எங்கள் மதுரைக்காரர் டி.எம்.எஸ். குடிகாரனுக்கும் பெண் பித்தனுக்கும் பாடினார், கிளப் காட்சிகளுக்கும் பாடினார். மறுநாள் முருகனைப் பாடினால் அது பக்திதான். ஒருவரும் அவரைக் கிளப் பாடகர் என்று சொன்னதில்லை. ஒட்டுகிற அழுக்கெல்லாம் பெண்ணுக்குத்தான்.

இன்னொருவரையும் பார்ப்போம். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் சேலை கட்டிக்கொண்டு ஜாஸ் பாடி அறிமுகமானவர் உஷா உதுப். தமிழ் ஐயர் குடும்பம், தந்தை காவல்துறை உயரதிகாரி. பள்ளியில் குரல் சரியில்லை என்று இசை வகுப்பிலிருந்து அனுப்பப்பட்டவர். போராடித்தான் மேலே வந்தார், அவர் குரல் எனக்குப் பிடிக்கும். 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண், இரண்டுக்கும் தகுதியானவர். ஆனால் நிஜமான இரவு விடுதியில் நின்று பாடிய அவருடைய சேலை 'மரபும் நவீனமும் கைகோத்த' அடையாளமாகக் கொண்டாடப்படுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே போல் சேலை கட்டிக்கொண்டு மைக் முன் நின்று பாடிய ஈஸ்வரியோ 'கிளப் பாடகி'. நல்ல வீட்டுப் பெண் கிளப்புக்குப் போனால் துணிச்சல். கோரஸ்காரியின் மகள் கிளப் பாட்டுப் பாடினால் அதுதான் அவள் இயல்பு. இதைவிடத் துல்லியமாகச் சாதி எப்படி வேலை செய்யும்?

பேராசிரியர் இழுத்த எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கும் வருகிறேன். 1916இல் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்த குடும்பம். அந்த மரபு அவர் வாழ்க்கைக் கதையிலிருந்து மெல்லத் துடைக்கப்பட்டு, மடிசார் இல்லத்தரசியாக, துறவியைப் போன்ற உருவமாக வார்க்கப்பட்ட பிறகுதான் சபாக்கள் அவரைத் தெய்வமாக்கின. 1998இல் பாரத ரத்னா வந்தது. எம்.எஸ்ஸுக்குத் துடைத்துக்கொள்ள வழி கிடைத்தது. ஈஸ்வரியின் குரல் துடைக்கப்பட மறுத்தது.

நம் ஆட்களின் பக்கம் இரண்டு கோளாறுகள் உண்டு. முதலாவது, பில்லி ஹாலிடே, நினா சிமோன் படம் போட்ட டீ-ஷர்ட். போடுங்கள், தவறே இல்லை. 1938இல் வெள்ளையர் இசைக்குழுவோடு பாடிய பில்லி ஹாலிடேயை நியூயார்க் ஓட்டலில் சரக்கு லிஃப்டில் போகச் சொன்னதை மேடையில் உருகி உருகிச் சொல்கிறோம். 1951இல் நினா சிமோனுக்குக் கர்டிஸ் இசைப்பள்ளி இடம் மறுத்ததைப் பாடமாக்குகிறோம். அதே வாயால் ஈஸ்வரியின் பாட்டுக்கு மீம் போட்டுச் சிரிக்கிறோம். கடல் தாண்டிய அவமானம் அரசியலாகத் தெரிகிறது, நம் தெரு அவமானம் நகைச்சுவையாகத் தெரிகிறது.

இரண்டாவது, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு 'அவர் அம்மன் பாட்டெல்லாம் பாடியிருக்கிறாரே' என்று சொல்வது. திரையில் வாய்ப்புகள் சுருங்கிய காலத்தில் அம்மன் பாட்டுகள்தான் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோயின, உண்மை. ஆனால் பக்தி வந்து பாவத்தைக் கழுவியது என்கிற மாதிரி பேசும்போது பேராசிரியரின் தராசையேதான் நாமும் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். கேட்டுப் பாருங்கள், அம்மன் பாட்டில் சாமியை அழைக்கும் அந்த அதட்டலும் கிளப் பாட்டின் அந்த இழுப்பும் ஒரே நெஞ்சிலிருந்துதான் வருகின்றன. அவர் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. 2011இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 'ஒஸ்தி' படத்தில் டி.ராஜேந்தரோடு குத்துப்பாட்டுப் பாடிவிட்டுப் போனார்.

மாரியம்மன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெட்டுப்பட்ட ரேணுகாவின் தலையைச் சேரிப் பெண்ணின் உடலில் மாற்றி ஒட்டியதால் மாரி ஆனாள் என்பார்கள். தலையைக் கும்பிட்டுவிட்டு உடலை ஊருக்கு வெளியே நிறுத்தும் ஊர்களில், கத்தோலிக்கராகப் பிறந்த ஒரு பெண்ணின் குரல்தான் அவளை எழுப்புகிறது. அந்தக் குரலைக் கேட்டுச் சாமி ஆடுகிறவர்களே அதைப் பாடியவரை மலிவு என்கிறார்கள்.

இப்போது எங்கள் தெருவில் குழாய் ரேடியோ இல்லை, பாக்ஸ் வைக்கிறோம். இந்த ஆடியிலும் ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் வந்து பாக்ஸ் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். அவர் சட்டைப் பையில் இருந்த செல்போனில் ஈஸ்வரிதான் பாடிக்கொண்டிருந்தார்.