விதி அவர்களுடையது, இடம் நம்முடையது

வீடில்லாதவர்கள் கூடிக் கூடாரம் போட்டால் அங்கே குடியும் அடிதடியும்தான் என்று பலரும் எளிதில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரின் ‘டிக்னிட்டி வில்லேஜ்’ அந்த முடிவை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொய்யாக்கி வருகிறது.

2000 டிசம்பரில் சில கூடாரங்களோடு தொடங்கியது அது. விரட்டப்பட்டு இடம் மாறி மாறி, 2001இல் விமான நிலையத்துக்கு அருகே, நகராட்சி இலைச்சருகை உரமாக்கும் வளாகத்தை ஒட்டிய தார்த்தளத்தில் நிலைகொண்டது. 2004இல் நகர மன்றம் சட்டப்படி அங்கீகரித்தது. ஏறக்குறைய 60 பேர் வாழ இடமுண்டு. வன்முறை கூடாது, திருட்டு கூடாது, அங்கே மதுவும் போதைப்பொருளும் கூடாது, ஓயாமல் தொல்லை தரக்கூடாது, எல்லோரும் உழைக்க வேண்டும் என்ற ஐந்து விதிகளும் அங்கு வாழ்வோரே வகுத்துக்கொண்டவை. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே.

ஐந்தாவது விதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எந்தக் கதவைத் தட்டினாலும் கையேந்துபவராகவே பார்க்கப்பட்ட ஒருவர், இங்கே காவலுக்கு நிற்கிறார், கூட்டத்தில் வாக்களிக்கிறார். அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது.

ஆனால் விதியை மீறியவரை வெளியேற்றும் கடினமான முடிவும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. போதையில் சிக்கியவரை வெளியேற்றினால் அவர் எங்கே போவார்? அதற்கு அந்தக் கிராமத்திடம் விடை இருக்க முடியாது. சிகிச்சையும் படுக்கையும் தர வேண்டியது அரசு. ‘தங்களைத் தாங்களே ஆண்டுகொள்கிறார்களே’ என்று சொல்லி நகரம் கைகழுவுவது நியாயமல்ல.

அதே ஓரிகனைச் சேர்ந்த கிராண்ட்ஸ் பாஸ் நகரத்தின் வழக்கில், 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: பொது இடத்தில் தங்கித் தூங்குவோரைத் தண்டிப்பது அரசியலமைப்பு தடுக்கும் கொடூரமான தண்டனை ஆகாது. அந்த ஆண்டு ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் அந்நாட்டில் வீடற்றோர் 7,71,480 பேர். அபராதம் இவர்களில் யாருக்கும் கூரை போட்டுத் தராது.

நகர மன்றங்கள் ஒதுக்குப்புறத்தில் அல்லாமல் பேருந்து வரும் இடத்தில் நிலம் தர வேண்டும். தண்ணீர், கழிப்பறை, குப்பை அகற்றல் தர வேண்டும். அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்கும் முன், முகாம்வாசிகளின் கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். முகாம்வாசிகள் தங்கள் விதிகளை எவருக்கும் சலுகையின்றிக் காக்க வேண்டும். வெளியேற்றப்படுபவருக்கு அன்றிரவே ஒரு படுக்கை கிடைப்பதை நகராட்சி எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.