ஏதோ ஒரு குருவி

மலேசியத் தமிழ்க் கவிதைகளில் பறவைகள் நிறைய இருக்கின்றன. கண்ணால் பார்த்த பறவைதான் இல்லை.

சந்தேகமிருந்தால் உங்கள் அலமாரியிலுள்ள தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். குயில் கூவும். கிளி கூண்டுக்குள் ஏங்கும். சிறகொடிந்த ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மயில்கூட ஆடும். இந்தத் தீபகற்பத்தின் காட்டு மயில் அழிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நம் கவிதைகளில் மட்டும் அது இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதே கவிஞரின் வீட்டுத் துணிக்கொடியில் தினமும் ஒரு பறவை வந்து உட்காரும். வெளுத்த முகம், கண்ணையொட்டிக் கறுப்பு, வாலுக்கு அடியில் மஞ்சள். தமிழில் சின்னான் என்கிற இனம். மலாய்க்காரர்கள் மெர்பா காப்பூர் என்பார்கள். நம் கவிதையில் அதற்குப் பெயர் ‘ஏதோ ஒரு குருவி’.

நான் இலக்கியம் படித்தவன் அல்ல. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் முடித்துவிட்டு வேலை செய்கிறவன். “ஏதோ ஒரு வயர் அறுந்துபோச்சு” என்று நான் அறிக்கை எழுதினால் அதை என் மேசையிலேயே தூக்கிப் போடுவார்கள். எந்த வயர், எங்கிருந்து எங்கே போகிறது, எந்த இடத்தில் அறுந்தது? என்னிடம் இவ்வளவு கேட்கிறார்கள். எழுத்தாளரிடம் ஏன் யாரும் கேட்பதில்லை?

கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன.

முதல் பதில்: “தம்பி, கவிதையில பறவைன்னா அது படிமம்.” சரி, படிமம் என்றே வைத்துக்கொள்வோம். நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த படிமம் வலசைப் பறவை. தாத்தா கப்பலேறி வந்தார், ஆகவே நாமெல்லாம் வலசைப் பறவைகள். வலசைப் பறவை என்ன செய்யும் என்று யாராவது நிமிர்ந்து பார்த்தார்களா? வடக்கே குளிர் தொடங்கும்போது தகைவிலான்கள் இங்கே வருகின்றன. பெந்தோங் மாதிரியான ஊர்களில் சாயங்காலம் மின்கம்பிகளில் வரிசை வரிசையாக வந்து உட்காரும். அங்கே வெயில் வந்ததும் கிளம்பிவிடும். கூடு அங்கேதான், குஞ்சும் அங்கேதான். அடுத்த வருடம் மறுபடி வரும். நாம் அப்படியா? நான்கு தலைமுறையாக இங்கேயே கூடு கட்டி, இங்கேயே குஞ்சு பொரித்தவர்கள் நாம். நம்மைப் பார்த்துத் “திரும்பிப் போ” என்று கத்துகிறவனுக்கு இதைவிட நல்ல வசனத்தை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

நம் கதைக்கு நெருக்கமான பறவை காகம். 19ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தையொட்டி, காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விடப்பட்டது இந்தச் சாம்பல் கழுத்துக் காகம். தோட்ட வேலைக்காகவே கடல் தாண்டி வந்த பறவை. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, காகம் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பிறகு அதே கிள்ளானில் தொல்லை என்று சொல்லித் துப்பாக்கியால் சுட்டார்கள். இதில் படிமம் எதுவும் இல்லை. நடந்த வரலாறு.

காகத்துக்குப் பின்னாலேயே குயிலும் வந்தது. முன்பு குளிர்காலத்தில் வந்துபோன பறவை, காகக் கூடுகள் பெருகியதும் அவற்றில் முட்டையிட்டு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. விடிவதற்கு முன்னால் நம் தாமான்களை எழுப்புகிற அந்தக் கூவல் கரிய ஆணுடையது. பெண் குயில் பழுப்பு உடம்பில் புள்ளிகள் போட்டது. அதன் குரல் ‘கிக் கிக்’ என்று வெடுக்கென்றிருக்கும். காதலியின் குரலைக் குயிலோடு ஒப்பிடுகிறவர்கள் தாங்கள் யாரை வர்ணிக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாவது பதில்: “டவுன்ல ஏதுப்பா பறவை? அதெல்லாம் தோட்டத்தோட போச்சு.” தோட்ட ஏக்கம் நம் இலக்கியத்தின் தேசிய கீதம். இழப்பு உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏக்கம் கண்ணை மூடிக்கொள்ளச் சாக்காகிவிட்டது. நான் நான்காவது மாடியில் குடியிருக்கிறேன். சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம், ஒரு வேலி, நாலைந்து மரங்கள். அவ்வளவுதான். காலையில் காப்பி ஆறுவதற்குள் தையல்சிட்டு வந்துவிடும். கட்டைவிரல் அளவு உடம்பு, நிமிர்ந்த வால், செம்பழுப்புத் தொப்பி. குரல் மட்டும் வீடு முழுக்கக் கேட்கும். உயிருள்ள இலைகளைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்து அதற்குள் கூடு வைக்கும் தையற்காரப் பறவை அது. தேன்சிட்டு ஆண், கார்க் கண்ணாடியில் தெரியும் தன்னையே எதிரி என்று நினைத்து மணிக்கணக்கில் கொத்திக்கொண்டிருக்கும். பெண் அந்த நேரத்தில் தனியாளாகக் கூடு கட்டி முடித்திருக்கும். இதைப் பார்க்கிற சுகத்துக்குக் கட்டணம் கிடையாது. பெரிய லென்சும் தேவையில்லை, பட்டியல் போட்டு யாரிடமும் காட்டவும் வேண்டாம். ஒரு சன்னலும் பத்து நிமிடமும் போதும்.

தேன்சிட்டின் கூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காய்ந்த புல், சருகு, நார், சிலந்தி வலை எல்லாவற்றையும் ஒட்டவைத்த நீளமான பை அது. பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேல் சின்னக் கூரை. பூத்தொட்டிச் செடி, வயர், துணிக்கொடி என்று எதில் வேண்டுமானாலும் தொங்கும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறந்துபோகக் கிட்டத்தட்ட ஒரு மாதம். தெரியாதவர் கண்ணுக்கு அது காற்றில் மாட்டிக்கொண்ட குப்பை. போன வருடம் எங்கள் அடுக்குமாடியில் கோத்தோங் ரோயோங் நடந்தபோது மாடிப்படி வளைவில் தொங்கிய ஒன்றைத் துடைப்பத்தால் தட்டிவிட்டார்கள். சிமெண்டுத் தரையில் இரண்டு முட்டைகள். தட்டியவர்கள் கெட்டவர்கள் அல்ல. இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நினைத்தவர்கள். பெயர் தெரியாத எதுவும் துடைப்பத்துக்கு முன்னால் குப்பைதான்.

அதனால்தான் இந்தப் பெயர் விவகாரத்தை நான் விடமாட்டேன் என்கிறேன். கூட்டை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்ட ஆள் மறுபடி துடைப்பத்தை ஓங்கமாட்டார்.

மூன்றாவது பதில்தான் ஆபத்தானது: “நாங்களும் பறவைப் பிரியருங்கதான்.” எங்கள் வரிசையில் ஓர் அங்கிள் முராய் வளர்க்கிறார். கூண்டுக்கு மூங்கில் வேலைப்பாடு, வெயில் படாமல் மூட ஒரு துணி. “உயிரு தம்பி எனக்கு, பாட்டைக் கேட்டீங்களா?” என்பார். கேட்டேன் அங்கிள். அது தன் எல்லையைச் சொல்லவும் துணையைக் கூப்பிடவும் பாடுகிறது. கூண்டுக்குள் எல்லையும் இல்லை, துணையும் இல்லை. இப்படிப் பாட்டை நேசித்து நேசித்தே பாராவ் பாராவை முடித்துவிட்டோம். ஆற்றோரங்களில் கேட்ட குரல் அது. பிடித்து விற்றதில், மிக மோசமாக அருகிவிட்ட இனம் என்று 2018இல் உலகப் பட்டியலில் ஏறியது. இன்று அதை நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் சிங்கப்பூரின் புலாவ் உபினுக்குப் போக வேண்டும். ஜாவா மைனாவின் கதை இன்னும் வேடிக்கை. கூண்டு வியாபாரத்தில் வந்து தப்பித்தவற்றின் வாரிசுகள் இங்கே சாப்பாட்டுக் கடை மேசைகளில் சோறு பொறுக்குகின்றன. சொந்த ஊரான ஜாவாவிலோ அவற்றைப் பிடித்துப் பிடித்தே அருகச் செய்துவிட்டார்கள்.

கூண்டில் கிளி ஏங்கும் கவிதைகளை எழுதிய நாம் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம்? நம் கிளி என்றைக்குமே ஒரு பெண்ணாகவோ சமூகமாகவோதான் இருந்தது. கிளியாக இருந்ததே இல்லை.

தமிழில் இதற்கு வழி இல்லாமலில்லை. மா. கிருஷ்ணனும் தியடோர் பாஸ்கரனும் தமிழ்நாட்டில் அவர்கள் பார்த்ததைத் தமிழில் எழுதினார்கள். நம் சின்னானை அவர்கள் வந்து எழுத மாட்டார்கள். அது நம் வேலை. தமிழ்ப் பெயர் இல்லாத பறவைக்கு மலாய்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. மெர்போக், கெலிச்சாப், முராய் எல்லாம் நம் வாயில் ஏற்கெனவே புழங்குகிற, புழங்கக்கூடிய சொற்கள்தான். இந்த மண் எங்களுடையது என்று மேடையில் பேசுகிறோம் இல்லையா? அந்த மண்ணில் துணிக்கொடி வரைக்கும் வந்து உட்காருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிய வேண்டாமா?

இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் கவிதையில் ஒரு பறவை பறந்தால், அது எந்தப் பறவை என்று எழுதியவரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கவிதையைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு வாரம் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டு அவர் மறுபடி எழுதட்டும்.